அப்பாவுக்கு ஒரு மடக்குக் கத்தி: சுவிஸா, சைனாவா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 67. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிறார். எந்நேரமும் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். சாக்குக் கயிறு அறுக்க, பழம் நறுக்க, வாழைச்சருகு கழிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். இப்போது மூட்டு வலியால் விரல் மடக்கச் சிரமப்படுகிறார். இருபது வருடமாக வைத்திருந்ததைப் போன மாதம் வாய்க்காலில் தொலைத்துவிட்டார். பிறந்தநாளுக்கு நல்லதாக ஒன்று வாங்கித் தரலாம் என்று 4,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன், படங்கள் இணைத்துள்ளேன். முதலாவது சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் விக்டோரினாக்ஸ். இரண்டாவது சீனாவில் செய்தது, ஆனால் அலகு 14சி28என் என்ற ஸ்வீடன் ஸ்டீல் என்கிறார்கள். மூன்றாவது 'ஜெர்மன் டெக்னாலஜி டமாஸ்கஸ்', விலை மற்றதில் பாதி. என் மாமா, "சைனா சாமானைத் தொடவே தொடாதே, ஜெர்மனியை வாங்கு" என்கிறார். எந்த நாட்டில் செய்தது என்பது கத்திக்கு அவ்வளவு முக்கியமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, மாமாவோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

நான் கோவையில் 28 வருடம், எஃகைக் காய்ச்சிக் கடினமாக்குகிற ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்றவன். இப்போது வீட்டு முன்னறையில் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறேன். கத்தியை மேஜையில் வைத்ததும் பத்தில் எட்டுப் பேர் கேட்பது, "இது எந்த நாட்டுச் சரக்குங்க?" என்றுதான். எத்தனை டிகிரியில் காய்ச்சி எடுத்தது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கத்தியின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

முதலில் உங்கள் சிவப்புக் கத்தியின் கதை. சுவிஸ் ராணுவத்துக்கு மடக்குக் கத்தி வேண்டும் என்று முடிவானபோது, அவ்வளவு எண்ணிக்கையில் செய்து கொடுக்கிற பட்டறை சுவிட்சர்லாந்தில் இல்லை. அதனால் முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தன. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனருக்கு இது பொறுக்கவில்லை. நம் சிப்பாய்க்கு நாமே செய்வோம் என்று இறங்கி, 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். ஆக, உலகத்திலேயே ஒரு நாட்டின் பெயரோடு மிக அதிகமாக ஒட்டிப்போன கத்தி, முதலில் வேறொரு நாட்டில் செய்யப்பட்டது. பின்னாளில் ஜெர்மன் ராணுவம் விக்டோரினாக்ஸிடம் கத்தி வாங்கியது தனிக் கதை.

மாமா நம்புகிற 'மேட் இன் ஜெர்மனி'க்கும் ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கத்தி என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுதான். ஜெர்மன் பட்டறைக்காரர்கள் மலிவாகச் செய்து, அதில் ஷெஃபீல்டு என்றே முத்திரை அடித்து விற்றார்கள். கொதித்துப்போன ஆங்கிலேயர்கள் 1887-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாட்டில் செய்தது என்று அதில் குறிக்க வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்று பார்த்ததும் மட்டச் சரக்கு என்று ஜனங்கள் ஒதுங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அன்றைக்கு ஷெஃபீல்டில் எந்த மாமாவாவது, "ஜெர்மன் சாமானைத் தொடாதே" என்று நிச்சயம் சொல்லியிருப்பார். சோலிங்கன்காரர்கள் தரத்தை ஏற்றினார்கள், அதே முத்திரை பெருமையாக மாறிவிட்டது. இப்போது அதே வசையைச் சீனா வாங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்றைய நிலவரம். அலகின் அடியில் ஒரு நாட்டின் பெயர் அடித்திருந்தால், பெரும்பாலும் கத்தி அங்கே உருவாகி முடிந்தது என்று மட்டும் பொருள். எஃகு எங்கேயோ உருகியிருக்கும். பிரான்சின் சவ்வாய் மலைப்பக்கத்துக் கத்தி ஓபினெல். 1890-இலிருந்து செய்கிறார்கள். மரப்பிடி, அலகை அசையாமல் நிறுத்த ஒரு திருகு வளையம். பிரான்சின் அடையாளம் என்றே சொல்லலாம். அதன் துருப்பிடிக்காத அலகு ஸ்வீடனின் 12சி27 எஃகு. உங்கள் இரண்டாவது கத்தியின் 14சி28என் எஃகும் அதே ஸ்வீடன் ஆலைக்காரர்களுடையது, 12சி27-க்குத் தம்பி முறை. கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருப்பதால் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு மேற்காசியாவுக்குப் போய், அங்கே வாளாகி, டமாஸ்கஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. இரும்பு உருக்கிய தடயம் இங்கே கொடுமணலில் கிடைக்கிறது, பெயர் சிரியா நாட்டு ஊருக்குப் போய்விட்டது.

இனி உலைக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

14சி28என் எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த அலகு அப்போது மெத்தென்றுதான் இருக்கும், கையால் அழுத்தினால் வளைந்து வளைந்தபடியே நிற்கும். அதை உலையில் 1,080 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, சில நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து, சட்டென்று குளிர்விக்க வேண்டும். நல்ல பட்டறை என்றால் அதோடு விடாமல் உறைகுளிரிலும் வைத்து எடுக்கும். அப்புறம் 180 டிகிரி வாக்கில் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் போடுகிறாரே, அதே வேலைதான். அவர் கண்ணால் நிறம் பார்த்துச் செய்வதை இங்கே மீட்டர் பார்த்துச் செய்கிறார்கள்.

இந்த 1,080 ஏதோ காரணத்தால் 1,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். எஃகில் கார்பனும் குரோமியமும் சேர்ந்து பொடிப்பொடியாகக் கட்டிக்கிடக்கும். சூடு போதாவிட்டால் அது சரியாகக் கரையாது. கரையாத கார்பன் கடினத்துக்கு உதவாது, கரையாத குரோமியம் துருவைத் தடுக்காது. அலகு மெத்தென்றும் ஆகும், துருவும் பிடிக்கும். ஸ்வீடன் ஸ்டீல் என்று முத்திரை மட்டும் பளபளவென்று இருக்கும். சூடு அதிகமாகிப் போனாலும் கேடு, அது வேறு மாதிரிக் கேடு.

எதனால் குறையும் என்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் தட்டுக்கு 200 உருப்படி வைக்க வேண்டிய உலையில் 300 அடுக்குவோம். கரண்டு மிச்சம், டெலிவரி அவசரம். ஓரத்தில் இருப்பது சூடேறிவிடும், நடுவில் மாட்டியது ஏறாது. பெட்டியில் போட்டபின் எது ஓரம், எது நடு என்று கடவுளுக்கும் தெரியாது. இது கோயம்புத்தூரில் நடந்தது. ஜெர்மனியில் 300 அடுக்கினாலும் இதே கதைதான், சீனாவில் 200-ஓடு நிறுத்தினால் நல்ல கத்திதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இரண்டு கத்தி கொண்டுவந்தார். ஒன்று வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொடுத்ததாம், அலகில் 'ஜெர்மனி ஸ்டெயின்லெஸ்' என்று பெரிய எழுத்து. இன்னொன்று மகன் வாங்கியது, சீனாவில் செய்தது, அவருக்கு அதன்மேல் மரியாதையே இல்லை. சாணைக்கல்லில் வைத்தபோதே கை சொல்லிவிட்டது. முதல் கத்தியில் கூரின் ஓரத்தில் பிசிறு எழும்பி, இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். வெற்றிலைக்காம்பு போல உட்கார்ந்துகொண்டு விழவே இல்லை. மெத்தென்ற எஃகுக்கு அதுதான் குணம். இரண்டாவதில் நாலு இழுப்பில் பிசிறு உதிர்ந்து, கூர் பளிச்சென்று நின்றது. சந்தேகம் தீரட்டும் என்று பழைய பட்டறைக்கு எடுத்துப்போய் ராக்வெல் மிஷினில் வைத்தேன். அதில் ஒரு வைர முனை எஃகில் இறங்கும், எவ்வளவு இறங்குகிறதோ அதை வைத்துக் கடினம் சொல்லும், எண் கூடினால் கடினம் கூடுதல். ஜெர்மனிக்காரன் 44. சைனாக்காரன் 59. உங்களுக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், விக்டோரினாக்ஸ் தன் பெரிய அலகை 56-இல் வைக்கிறது.

வந்தவர் முகம் தொங்கிப்போய்விட்டது. நான் அவரிடம் அலகைக் காட்டி, "இதில் மேட் இன் ஜெர்மனி என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். இல்லை. செய்த கம்பெனி பெயரும் இல்லை. ஜெர்மனி என்ற ஒரு சொல்தான் இருந்தது.

சீனாவில் குப்பைக் கத்தி இல்லையா என்றால், மலைமலையாக இருக்கிறது. குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்று ஒரு நகரம், ஊரே கத்தித் தொழில்தான். இருபது ரூபாய்க்குச் செய் என்றால் இருபது ரூபாய்க்குச் செய்வார்கள், ஐயாயிரத்துக்குச் செய் என்றால் அதற்கும் செய்வார்கள். கேட்டவன் என்ன கேட்டான் என்பதுதான் கேள்வி. ஸ்பைடர்கோ என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்று. கொலராடோவில் கோல்டன் ஊரில் சொந்தத் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். அதுபோக ஜப்பானின் செகி, தைவானின் தைச்சுங், இத்தாலியின் மானியாகோ, அப்புறம் சீனா என்று பல இடங்களில் செய்து வாங்குகிறார்கள். எங்கே செய்தாலும் அலகில் அந்த நாட்டை எழுதிவிடுவார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலர், வேலைப்பாட்டில் தைச்சுங்கில் செய்ததுதான் எல்லாவற்றிலும் சுத்தம் என்பார்கள். சொந்த நாட்டுத் தொழிற்சாலையை விட்டுவிட்டுத் தைவானைச் சொல்கிறார்கள், பாருங்கள்.

அப்படியானால் நாடு எங்கேதான் முக்கியம்? மாமா சொன்னதில் சரியான பாதி இங்கே இருக்கிறது.

சில ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. சோலிங்கன் என்று கத்தியில் அடிக்க வேண்டுமென்றால் முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த ஊர் எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். 1938-இலிருந்தே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சுவிஸ் என்று போட, 2017-இலிருந்து உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்று விதி. இந்த மாதிரிப் பெயர்களுக்கு மதிப்பு இருக்கிறது. அதே சமயம் லாயோல் என்ற அழகான பிரெஞ்சுக் கத்தியைப் பாருங்கள். அது ஒரு கிராமத்தின் பெயர், கத்தியின் வடிவத்துக்கும் அதுவே பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய கத்திகள் சீனாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து குவிகின்றன. ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுகிற இடம் அது.

உங்கள் மூன்றாவது கத்திக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஜெர்மன் டெக்னாலஜி' என்பது எந்த நாட்டில் செய்தது என்ற கேள்விக்குப் பதிலே ஆகாது. டெக்னாலஜி, டிசைன், ஸ்டைல், குவாலிட்டி என்று நாட்டின் பெயருக்குப் பின்னால் வால் முளைத்திருந்தால் உஷாராகிவிடுங்கள். அலகில் அலையலையாக இருக்கிறதே, அந்தக் கோலத்தையும் கவனியுங்கள். இன்று டமாஸ்கஸ் என்று சொல்வது இரண்டு எஃகை அடுக்கி, அடித்து ஒட்டிச் செய்வதை. உண்மையில் அப்படிச் செய்திருந்தால் அந்தக் கோலம் அலகின் முதுகிலும் தெரியும், கூர் வரையிலும் ஓடும். உங்கள் படத்தில் பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, முதுகு வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. லேசரிலோ அமிலத்திலோ மேலே வரைந்தது. தீட்டிய இடத்தில் கோலம் அழிந்துபோகும். எஃகின் பெயர் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. மலிவு என்பது அதன் குற்றம் இல்லை, பொய் சொல்வதுதான் குற்றம். தான் எங்கே பிறந்தது என்பதிலேயே பொய் சொல்கிற கத்தி, சூடு விஷயத்தில் மட்டும் உண்மை பேசுமா? அதைத் தள்ளிவிடுங்கள். பாகிஸ்தானின் வசீராபாத்தில் நிஜமாகவே அடுக்கி அடித்த டமாஸ்கஸ் கத்தி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். சீனப் பொருள் வாங்க மனசு ஒப்பவில்லை, எல்லையில் நடப்பதெல்லாம் நினைவுக்கு வருகிறது என்று உங்கள் மாமா சொன்னால், அது அவருடைய உரிமை. நம் ஊர்ப் பொருளை வாங்குகிறேன், தொழிலாளிக்கு நல்ல கூலி கொடுக்கிற இடத்தில் வாங்குகிறேன் என்பதும் நல்ல காரணம்தான். எஃகு மட்டம் என்று மட்டும் அதற்கு வேறு சாயம் பூச வேண்டாம்.

இனி அப்பாவின் கை. கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: மூட்டு வலியால் விரல் மடக்கச் சிரமப்படுகிறார் என்று. விக்டோரினாக்ஸ் அலகைத் திறக்க நகத்தைக் குழியில் விட்டு இழுக்க வேண்டும். தோட்ட வேலை செய்கிறவருக்கு நகம் எங்கே நிற்கிறது? அதோடு நீங்கள் அனுப்பிய மாடலில் அலகுக்குப் பூட்டு கிடையாது, வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கும். குத்துகிற வாக்கில் அழுத்தினால் விரல் மேல் மடங்கலாம். மற்றபடி அது அருமையான கத்தி. அதிலிருக்கிற சின்ன ரம்பம் கட்டை விரல் பருமன் கொய்யாக் கிளையை நறுவிசாக அறுத்துவிடும், என் சட்டைப்பையில் 15 வருடமாக ஒன்று கிடக்கிறது.

இரண்டாவதில் கட்டை விரலால் தள்ளித் திறக்கக் குமிழ் இருக்கிறது, உள்ளே பூட்டு இருக்கிறது, எஃகும் ஈரத்தைத் தாங்கும். சாக்குக் கயிறு அறுக்க, பழம் நறுக்க, வாழைச்சருகு கழிக்க என்று நீங்கள் எழுதிய வேலைகளுக்கு அதுதான் வாகு. ஆகவே என் கை சைனாவுக்குத்தான் போகிறது. மாமா கோபித்துக்கொண்டால் கத்தியை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள், ராக்வெல் மிஷினில் வைத்துக் காட்டுகிறேன். முனை படுகிற இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குழி விழும், அவ்வளவுதான்.

ஓபினெல் 8-ஆம் நம்பரும் உங்கள் தொகைக்குள் வரும், மெல்லிய அலகு, மற்ற இரண்டையும் விட நன்றாக அறுக்கும். ஆனால் ஐப்பசி மழையில் மரப்பிடி ஊதிக்கொண்டு அலகு வெளியே வர அடம் பிடிக்கும். மூட்டு வலிக்காரருக்கு வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கார்பன் அலகை விட்டுவிடுங்கள், கொய்யாத் துவர்ப்பும் மாங்காய்ப் புளிப்பும் பட்டு ஒரே நாளில் கறுத்துவிடும்.

வாங்குமுன் விற்பவர் பக்கத்தில் 'கண்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்ற வரியைப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் எந்த நாடு, யார் இறக்குமதி செய்தது என்று ஒட்டியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பிரபலமான கத்திக்கெல்லாம் போலி உண்டு, விக்டோரினாக்ஸுக்கும் உண்டு, சீனக் கம்பெனிக் கத்திக்குச் சீனாவிலேயே போலி உண்டு. அதனால் கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

வந்ததும் திறந்து, அலகின் நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கும்போது இரண்டு தகட்டுக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். பூட்டு விழுந்தபின் அலகின் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டுங்கள், பூட்டு நழுவினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று முறை கூர் சீக்கிரம் போனால் பதற வேண்டாம். தொழிற்சாலையில் பெல்ட்டில் தீட்டும்போது கூரின் ஓரம் சூட்டில் கொஞ்சம் கெட்டிருக்கும், கல்லில் நிதானமாகத் தீட்டத் தீட்ட உள்ளே இருக்கிற நல்ல எஃகு வெளியே வரும். பூட்டை விடுவித்து மடக்கும்போது கட்டை விரல் அலகின் பாதையில் இருக்கும், அப்பாவை உங்கள் முன்னால் பத்து முறை செய்து பழகச் சொல்லுங்கள். ஊருக்கு விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்புறம், கத்தியைக் கையில் நீட்டினால் உங்கள் அப்பா வாங்க மாட்டார், அந்தத் தலைமுறைக்காரர்கள் யாரும் வாங்குவதில்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள், அவரே எடுத்துக்கொள்ளட்டும்.